டெல்லியிலிருந்து லடாக்: செப்டம்பர், அக்டோபர் வானிலை முன்னறிவிப்பைப் படிப்பது எப்படி?

டெல்லிக்கு மாற்றலாகியோ படிக்கவோ வந்து ஒரு வருடம் ஆவதற்குள் நம்மவர்களில் பலருக்கு லடாக் ஆசை வந்துவிடுகிறது. விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். தசராவை ஒட்டிப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் கிடைக்கும். ஆர்.கே.புரம் மலை மந்திரிலோ கரோல் பாகிலோ பேச்செடுத்தால், ஏற்கெனவே போய் வந்த ஒருவர் கட்டாயம் இருப்பார். "செப்டம்பர், அக்டோபர்தான் நல்ல நேரம், மழையே இருக்காது" என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு டிக்கெட் எடுப்பவர்கள்தான் கணவாய்க்கு இந்தப் பக்கம் இரண்டு நாள் காத்துக் கிடக்கிறார்கள்.

புரட்டாசி பிறந்ததும் வானத்தைப் பார்க்கும் ஊரில் வளர்ந்தவர்கள் நாம். ஐப்பசி என்றால் அடைமழை. வங்கக் கடலில் தாழ்வு எங்கே இருக்கிறது, நுங்கம்பாக்கத்தில் எத்தனை மி.மீ. பதிவானது என்றுதான் வானிலையைப் படித்துப் பழகியிருக்கிறோம். லடாக்குக்கு அந்தப் பழக்கம் உதவாது. அங்கே இலையுதிர்காலத்தில் மழையளவு இரண்டாம் பட்சம். எவ்வளவு உயரத்துக்குப் போகிறீர்கள், எந்தக் கணவாயைக் கடக்கிறீர்கள், எத்தனை மணிக்குக் கடக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் முன்னறிவிப்பைப் படிக்க வேண்டும். அதற்கான முறையை, டெல்லியில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வரிசையில் சொல்கிறேன்.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தெற்கே இமயமலையின் பெருந்தொடர், நடுவில் சன்ஸ்கார் தொடரும் லடாக் தொடரும், வடக்கே காரகோரம். தென்மேற்குப் பருவக்காற்று சுமந்துவரும் ஈரத்தை இமயத்தின் தென்சரிவே வாங்கிக்கொள்கிறது. அப்பால் போய்ச் சேர்வது வறண்ட காற்றுதான். லேயில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வது ஏறக்குறைய 100 மி.மீ. சென்னையில் ஒரு நல்ல ஐப்பசி நாளில் அவ்வளவு பெய்துவிடும்.

காற்றில் ஈரம் இல்லாததாலும் காற்றே மெலிந்திருப்பதாலும் பகலில் வெயில் சுள்ளென்று இறங்கும். சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் நிலத்தின் சூடு தடுப்பே இல்லாமல் வானத்துக்குப் போய்விடும். லேயில் செப்டம்பர் மாதப் பகல் 20 டிகிரியை ஒட்டியும் இரவு 5 டிகிரியை ஒட்டியும் இருக்கும். அக்டோபர் நடுவில் பகல் 14, 15 டிகிரி. இரவு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கும். நவம்பரில் பகலே 7, 8 டிகிரிதான்.

இலையுதிர்காலம் அங்கே ஓர் இடைவெளி. பருவமழையின் கடைசி ஈரம் விலகிய பிறகு, குளிர்கால மேற்கத்திய இடையூறுகள் (மேற்கிலிருந்து பனி கொண்டுவரும் தாழ்வழுத்த அமைப்புகள்) வரிசையாக வரத் தொடங்குவதற்கு முன் கிடைக்கும் சில வாரங்கள். வானம் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். பாப்லரும் வில்லோவும் செப்டம்பர் கடைசியில் மஞ்சளாகத் தொடங்கி அக்டோபரில் பள்ளத்தாக்கு முழுவதும் நிறம் மாறும். இந்த இடைவெளி எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பது வருடத்துக்கு வருடம் மாறும். முன்னறிவிப்பைப் பார்ப்பதே இதைக் கண்டுபிடிக்கத்தான்.

ஒரு மாதத்துக்கு முன்: மாத முன்னறிவிப்பு

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகம் நம் லோதி ரோட்டில் உள்ள மௌசம் பவன்தான். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அடுத்த மாதத்துக்கான மழை, வெப்பநிலை முன்னறிவிப்பை அங்கிருந்து வெளியிடுகிறார்கள். வண்ண வரைபடத்தில் இயல்பைவிட அதிகம், இயல்பு, இயல்பைவிடக் குறைவு என மூன்று வகையாகப் பிரித்து, எது நடக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டுவார்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் இதில் இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள்.

ஒன்று, துறை நாட்டை 36 வானிலை உட்பிரிவுகளாகப் பிரித்திருக்கிறது. அதில் ஜம்மு-காஷ்மீரும் லடாக்கும் சேர்ந்து ஒரே உட்பிரிவு. பருவமழையில் நனையும் ஜம்முவும், மழை மறைவில் காய்ந்து கிடக்கும் லேயும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. "ஜம்மு-காஷ்மீர், லடாக் உட்பிரிவில் மழை இயல்பைவிட அதிகம்" என்ற செய்தி ஜம்முவில் பெய்த மழையைப் பற்றியதாக இருக்கலாம். அதனால் உட்பிரிவு எண்ணை விட்டுவிட்டு, வரைபடத்தில் அந்த உட்பிரிவின் வடகிழக்குப் பகுதியான லடாக்கைத் தனியாகப் பாருங்கள்.

இரண்டாவது, சதவிகிதம். ஓர் இடத்தில் ஒரு மாதத்தின் இயல்பே 8 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 16 மி.மீ. பெய்தால் 100 சதவிகிதம் கூடுதல் என்று அறிக்கை சொல்லும். துறையின் அளவுகோலில் 60 சதவிகிதத்துக்கு மேல் போனாலே 'மிக அதிகம்' என்ற வகை. தலைப்பைப் படித்தால் வெள்ளம் என்று தோன்றும். உண்மையில் அது இரண்டு நாள் மேகமூட்டமாகவும் கணவாய்களில் ஓர் அடிக்குள் பனியாகவும் முடிந்திருக்கலாம். மழை மிகுந்த நிலத்துக்குச் சதவிகிதம் பொருந்தும். பாலைவனத்தில் மி.மீ. கணக்கைத்தான் கேட்க வேண்டும்.

வெப்பநிலை வரைபடத்தையும் பாருங்கள். குறிப்பாகக் குறைந்தபட்ச வெப்பநிலை. மேகமற்ற அக்டோபரில் இரவுக் குளிர் கூடும், சாலை உலர்ந்திருக்கும். மேகம் அதிகமுள்ள அக்டோபரில் இரவு சற்று மிதமாக இருக்கும், ஆனால் கணவாய்கள் அடிக்கடி மூடும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. குழந்தைகளோடு போவதாக இருந்தால் நான் முதலாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். குளிரைக் கம்பளியால் சமாளிக்கலாம், மூடிய சாலைக்கு நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

பருவமழை விலகும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். மேற்கு ராஜஸ்தானிலிருந்து விலகத் தொடங்கும் இயல்பான தேதி செப்டம்பர் 17. டெல்லியிலிருந்து செப்டம்பர் 25. தொடர்ந்து ஐந்து நாள் மழையின்மை, கீழ்மட்டக் காற்றில் எதிர்ச்சுழற்சி (காற்று கீழிறங்கி வெளிநோக்கிச் சுழல்வது), ஈரப்பதக் குறைவு ஆகியவற்றைப் பார்த்துத்தான் விலகலை அறிவிக்கிறார்கள். இந்த அறிவிப்பு தள்ளிப்போகும் வருடங்களில் செப்டம்பர் கடைசி வாரப் பயணத்தை அக்டோபர் முதல் வாரத்துக்குத் தள்ளுவது நல்லது. காரணம் அடுத்து வருகிறது.

இரண்டு வாரத்துக்கு முன்: மேற்கிலிருந்து வருவதைப் பாருங்கள்

டெல்லியின் இந்திச் செய்திகளில் 'பஸ்சிமி விக்ஷோப்' என்று அடிக்கடி காதில் விழும். நம் செய்தித்தாள்கள் மேற்கத்திய இடையூறு என்று எழுதுவது அதைத்தான். மத்திய தரைக்கடல் பக்கம் உருவாகி, உயரத்தில் வீசும் மேலைக் காற்றோட்டத்தில் ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வந்து இமயத்தில் மோதும் தாழ்வழுத்த அமைப்பு. டெல்லிக்கு அது குளிர்காலத் தூறல். லடாக்குக்கு அதுதான் பனி. செப்டம்பரில் அபூர்வமாக வருவது, அக்டோபர் நகர நகர அடிக்கடி வரத் தொடங்கும்.

பருவமழை முழுதாக விலகாத நேரத்தில் வலுவான மேற்கத்திய இடையூறு ஒன்று வந்து சேர்ந்தால்தான் நிலைமை மோசமாகும். தெற்கிலிருந்து ஈரம், மேற்கிலிருந்து குளிர். 2018 செப்டம்பர் 22 முதல் 24 வரை நடந்தது இதுவே. இமாச்சலத்தில் குல்லு பக்கம் வெள்ளம், லாஹௌல்-ஸ்பிதியில் காலத்துக்கு முந்திய கடும் பனி. நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் போய் மீட்டன. மணாலி-லே சாலை இந்த லாஹௌல் வழியாகத்தான் போகிறது. பருவமழை தாமதமாக விலகும் வருடத்தில் பயணத்தைத் தள்ளச் சொன்னது இதனால்தான்.

வானிலைத் துறை வியாழக்கிழமைதோறும் அடுத்த இரண்டு வாரங்களுக்கான நீட்டித்த முன்னறிவிப்பை வெளியிடுகிறது. அதில் உங்களுக்கு வேண்டியது ஒரு வரிதான்: மேற்கு இமயமலைப் பகுதியை மேற்கத்திய இடையூறு பாதிக்குமா, எந்த வாரத்தில்? இரண்டாவது வாரத்தைப் பற்றிச் சொல்வதைப் போக்கு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து, ஆறு நாள் இருக்கும்போது படம் தெளிவாகிவிடும். அதற்கு முன்பே 14 நாள் கணிப்பைக் காட்டும் செயலிகளைப் பார்த்துப் பதறி எதையும் ரத்து செய்ய வேண்டாம்.

புறப்படுவதற்கு மூன்று, நான்கு நாள் முன்பிருந்து இன்சாட் செயற்கைக்கோள் படங்களைத் தினமும் இரண்டு முறை பாருங்கள். வானிலைத் துறையின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. ஆப்கானிஸ்தான் மேல் அடர்த்தியான வெண்பட்டை இருந்து, அடுத்தடுத்த படங்களில் கிழக்கே நகர்ந்தால் லடாக்கை அடைய ஓரிரு நாள்தான் இருக்கிறது. புதியவர்கள் மலைமேல் கிடக்கும் பனியையும் மேகம் என்று நினைத்துவிடுகிறார்கள். பிரித்தறிவது எளிது. மேகம் படத்துக்குப் படம் நகரும். பனி அசையாது, பள்ளத்தாக்குகளின் கிளை வடிவம் அதில் அப்படியே தெரியும்.

ஒரு வாரத்துக்கு முன்: அறிக்கையின் சொற்கள்

லேயில் 2020 டிசம்பரிலிருந்து வானிலைத் துறைக்குத் தனி மையம் இயங்குகிறது. அந்த மையத்தின் தினசரி அறிக்கையைப் படியுங்கள், ஸ்ரீநகர் அறிக்கை மட்டும் போதாது. எச்சரிக்கை நிறங்கள் நம் ஊரில் பார்த்தவையே: பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை, மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருக்கவும், ஆரஞ்சு என்றால் தயாராக இருக்கவும், சிவப்பு என்றால் உடனே செயல்படவும்.

நிறம் எளிது. சொல்லில்தான் கவனம் வேண்டும். 24 மணி நேரத்தில் 15.5 மி.மீ. வரை பெய்தால் அது லேசான மழை. 64.4 வரை மிதமான மழை. 64.5 தொட்டால்தான் கனமழை. நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல். இதை லேயில் வைத்துப் பாருங்கள். வருடத்துக்கு 100 மி.மீ. பெய்யும் ஊரில் ஒரே நாளில் 15 மி.மீ. பெய்தால் அது அந்த ஊரின் ஆண்டு மழையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. பழைய வீடுகளின் கூரை தட்டையான மண் கூரை. அது ஒழுகத் தொடங்கும். மரமில்லாத சரிவில் வேர்ப்பிடிப்பே இல்லாத மண்ணும் கல்லும் சாலைக்கு இறங்கும். அதே 15 மி.மீ. கணவாயில் பனியாக விழுந்தால் ஒரு மி.மீ. நீருக்கு ஒரு செ.மீ. பனி என்ற கணக்கில் 15 செ.மீ. சங்கிலி கட்டாத டெல்லி வண்டி ஏறாது. ஆகவே லே அறிக்கையில் 'லேசான மழை அல்லது பனி' என்று இருந்தால், ஊரில் மிதமான மழைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பீர்களோ அவ்வளவு கொடுங்கள். 'மிதமான' என்ற சொல் வந்தால் அன்று கணவாய்ப் பயணம் வேண்டாம்.

எங்கெல்லாம் பெய்யும் என்பதற்கும் அளவுகோல் இருக்கிறது. ஓரிரு இடங்களில் என்றால் அந்தப் பகுதியின் நிலையங்களில் கால்வாசி வரை. சில இடங்களில் என்றால் பாதி வரை. பல இடங்களில் என்றால் முக்கால்வாசி வரை. பெரும்பாலான இடங்களில் என்றால் அதற்கும் மேல். ஆனால் லடாக்கில் நிலையங்கள் குறைவு, பள்ளத்தாக்குகள் அதிகம். 2010 ஆகஸ்ட் 5 இரவு லேயில் நேர்ந்த மேகவெடிப்பில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சோக்லம்சர் பகுதி சேற்றில் புதைந்தது. அன்று விமானப்படை நிலையத்தின் மழைமானியில் பதிவானதோ சுமார் 13 மி.மீ.தான். சில கி.மீ. தள்ளி விழுந்த மழை அந்த மானிக்கு எட்டவே இல்லை. இலையுதிர்காலத்தில் அப்படி நேர்வது மிக அரிது. ஆனாலும் ஒரு மானியின் எண்ணை முழுப் பள்ளத்தாக்குக்கும் பொருத்தக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

உயரக் கணக்கு

எல்லாவற்றையும்விட இது பயன்படும். ஒரு காகிதத்தில் எழுதி மொபைல் உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். செயலி லேக்கு 14 டிகிரி என்று காட்டினால், நுப்ரா போகும் வழியிலுள்ள கார்துங் லாவுக்கு (லா என்றால் கணவாய்) எவ்வளவு? பழைய பலகைகளிலும் படங்களிலும் அதன் உயரம் 18,380 அடி என்றிருக்கும். அளவிடப்பட்ட உயரம் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. லேயைவிட 1,850 மீட்டர் மேலே. 12 டிகிரியைக் கழியுங்கள். பிற்பகலின் உச்ச வெப்பமே 2 டிகிரிதான். காற்று மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வீசினால் பூஜ்ய டிகிரியே உடம்புக்கு மைனஸ் 7 போல இருக்கும். பாங்கோங் ஏரி லேயைவிட ஏறக்குறைய 750 மீட்டர் மேலே. 5 டிகிரி கழியுங்கள். ஹான்லே வானாய்வகம் 4,500 மீட்டரில் இருக்கிறது. ஆறு, ஏழு டிகிரி கழியுங்கள். நுப்ரா பள்ளத்தாக்கின் டிஸ்கிட், ஹுண்டர் ஊர்கள் லேயைவிடச் சுமார் 400 மீட்டர் தாழ்வு. இரண்டு, மூன்று டிகிரி கூட்டலாம். அக்டோபர் இரண்டாம் பாதியில் முதியவர்களை அழைத்துப் போவதானால் பாங்கோங்கில் இரவு தங்காமல் நுப்ராவில் தங்கச் சொல்வது இதனால்தான்.

ஹான்லேயைச் சொன்னதால் ஒரு சேதி. அங்கே வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் நம் திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரிலும் ஆய்வகம் நடத்துகிறது. மேகமற்ற இரவுகளும் காய்ந்த காற்றும் தேடித்தான் அவ்வளவு தொலைவு போனார்கள். நட்சத்திரம் பார்க்கும் ஆசை இருந்தால் அக்டோபரின் அமாவாசையை ஒட்டித் திட்டமிடுங்கள். குளிருக்குத் துணிந்தவர்களுக்கு அதைவிட நல்ல வானம் இந்தியாவில் கிடைப்பது கடினம்.

செயலியே கணவாயின் பெயரைப் போட்டால் வெப்பநிலை காட்டுகிறதே என்று கேட்பீர்கள். கணினி மாதிரிகள் நிலப்பரப்பைக் கோலப்புள்ளிகள் போலச் சம இடைவெளியில் எடுத்துக்கொள்கின்றன. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே என்ன மலை, என்ன பள்ளம் என்பது சராசரியில் கரைந்துவிடும். பெரும்பாலான செயலிகளுக்கு அடிப்படையான உலக மாதிரிகளில் இந்த இடைவெளி 9 முதல் 13 கி.மீ.; 2025 மே மாதம் தொடங்கப்பட்ட நம் பாரத் முன்னறிவிப்பு முறையில் 6 கி.மீ. லடாக்கில் 6 கி.மீ.க்குள் 2,000 மீட்டர் ஏற்றம் சாதாரணம். ஆகவே செயலி காட்டும் எண் எந்த உயரத்துக்கானது என்று பாருங்கள். சில செயலிகளில் அந்தப் புள்ளியின் உயரம் ஓரத்தில் இருக்கும். அதிலிருந்து உங்கள் கணவாய்வரை மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள்.

நேரக் கணக்கு

காலையில் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறி மலைச்சரிவுகள் சூடானதும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கிக் காற்று கிளம்பி, பிற்பகலில் புழுதியோடு வலுக்கும். மேகம் திரள்வதும் பெரும்பாலும் பிற்பகலில்தான். லேக்கு விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போவதற்கும் இதுவே காரணம். மெலிந்த காற்றில் சூடும் சேர்ந்தால் விமானம் எழும்பத் தேவையான தாங்குதிறன் குறையும். 2024 ஜூலைக் கடைசியில் லேயின் வெப்பம் கூடியதால் விமானங்கள் ரத்தானது நினைவிருக்கலாம். இலையுதிர்காலத்தில் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் காற்றும் பனிமேகமும் விமானத்தை நிறுத்தும்.

சாலையில் போவோருக்கு அனுபவசாலிகள் 'விடியும் முன் கிளம்பு' என்பார்கள். கோடையில் அது சரி, பனிநீர் ஓடைகள் பிற்பகலில் பெருகும். அக்டோபரில் அப்படியே பின்பற்ற வேண்டாம். பகலில் உருகிய பனிநீர் இரவில் உறைந்து, நிழல் விழும் வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் படலமாகக் கிடக்கும். அதன்மேல் வெயில் பட்டு இளகும்வரை காத்திருப்பது நல்லது. லேயிலிருந்து ஏழரை, எட்டு மணிக்குக் கிளம்பி, பத்து, பத்தரைக்குக் கணவாயைத் தொட்டு, பகல் ஒரு மணிக்குள் மறுபக்கம் இறங்கிவிடுவது என் கணிப்பில் சரியான நேரம். லடாக்கி ஓட்டுநர் வேறு நேரம் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். அவர் நேற்று அந்தச் சாலையில் வந்திருப்பார்.

எந்த வழி?

மூன்று வழிகள். விமானத்தில் போவது வானிலைக்கு மிகக் குறைவாகக் கட்டுப்பட்டது, உடம்புக்குத்தான் கடினம். டெல்லியின் 216 மீட்டரிலிருந்து 3,250 மீட்டருக்கு ஒன்றரை மணி நேரத்தில் போய் இறங்குகிறீர்கள். முதல் 48 மணி நேரம் லேயிலேயே ஓய்வு. இதில் சலுகையே கிடையாது.

ஸ்ரீநகர் வழியில் ஒரே தடை, சோஜி லா. உயரம் சுமார் 3,530 மீட்டர்தான், ஆனால் காஷ்மீர்ப் பக்கத்து ஈரம் முழுவதும் அங்கே இறங்குகிறது. 2025 ஜனவரியில் திறந்த சோனமார்க் சுரங்கப்பாதை அதற்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. மற்ற இரண்டு கணவாய்களான நமிகா லாவும் ஃபோட்டு லாவும் இலையுதிர்காலத்தில் தொல்லை தருவது குறைவு. ஏற்றமும் படிப்படியாக இருப்பதால் உடம்பு பழகும்.

மணாலி வழிதான் அழகு, அதுதான் ஆபத்தும். 2020 அக்டோபர் 3 அன்று திறந்த 9.02 கி.மீ. அடல் சுரங்கப்பாதை ரோதாங்கின் தொல்லையைத் தீர்த்தது. பலர் இதனால் சாலை முழுவதும் பாதுகாப்பாகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். அதற்கு அப்பால் பாராலாச்சா லா, நக்கீ லா, லாச்சுலுங் லா, தங்லங் லா என்று நான்கு கணவாய்கள், எல்லாம் 4,700 மீட்டருக்கு மேல். இரண்டு கணவாய்களுக்கு நடுவில் பனி பிடித்தால் முன்னும் போக முடியாது, பின்னும் வர முடியாது. வழியில் சர்ச்சு, பாங் என்ற இடங்களில் உள்ள தங்கும் கூடாரங்கள் செப்டம்பர் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றப்படும். அக்டோபர் நடுவுக்குப் பிறகு ஒதுங்கக் கூரை கிடைப்பதே அரிது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 10 வரை, அதுவும் அடுத்த ஐந்து நாளில் மேற்கத்திய இடையூறு இல்லை என்று உறுதியானால் மட்டும் மணாலி வழியில் போங்கள். அக்டோபர் 15-க்குப் பிறகு டெல்லியிலிருந்து சொந்தக் காரில் அந்த வழியே போவதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சாலை திறந்திருக்கிறதா என்பதை வானிலை அறிக்கையில் தேடாதீர்கள். எல்லைச் சாலை அமைப்பும் லே, கார்கில், லாஹௌல்-ஸ்பிதி காவல்துறைகளும் தினமும் வெளியிடும் சாலை நிலவரத்தைப் பாருங்கள். மூடியிருக்கிறது என்றால் மூடியிருக்கிறதுதான். சோதனைச் சாவடியில் பேசிப் பார்க்கலாம் என்று போகாதீர்கள்.

புறப்படும் முன் சில

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. குடும்பத்தில் ஒருவருக்காவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். இல்லையென்றால் முன்னறிவிப்பு பார்க்கும் பேச்சே இல்லை.

டீசல் வண்டி என்றால் கவனம். சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகுபோல் கெட்டியாகும். லடாக்குக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை இளகியிருக்கும் குளிர்கால டீசலை 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் கொண்டுவந்தது. அக்டோபர் கடைசியில் ஏரிக்கரையில் வண்டியை இரவு நிறுத்துவதானால், அந்த டீசல் கிடைக்கிறதா என்று லேயில் விசாரியுங்கள். ரேடியேட்டர் கூலன்ட்டில் அளவுக்கு மேல் தண்ணீர் கலந்திருந்தால் டெல்லியிலேயே மாற்றிவிடுங்கள்.

விடுதியில் குழாயில் தண்ணீர் வருமா என்று முன்பே கேளுங்கள். குழாய் உறைந்து வெடிக்கும் என்பதால் அக்டோபர் கடைசியிலிருந்து பல விடுதிகள் குழாயை வடித்துவிட்டு வாளியில் வெந்நீர் தருவார்கள். பாங்கோங் முகாம்களில் பலவும் அதற்குள் மூடிவிடும். உடை பற்றி ஒரே வார்த்தை: ஒரு கனமான ஜாக்கெட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள். பகலில் கழற்ற வேண்டும், மாலையில் போட வேண்டும். மூச்சுத் திணறல், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் டெல்லியிலேயே மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். லேயில் எஸ்.என்.எம். மருத்துவமனை இருக்கிறது, தலைவலி வாந்தியோடு சேர்ந்தால் அறையில் படுத்திருக்காமல் அங்கே போங்கள்.

அங்கே போன பிறகு

ஒவ்வொரு மாலையும் லே மையத்தின் அறிக்கையைப் பார்ப்பதோடு வானத்தையும் பாருங்கள். மேற்கிலிருந்து மெல்லிய கீற்று மேகங்கள் பரவுவது, சூரியனைச் சுற்றி வட்டம் கட்டுவது, நேற்றைவிட இரவு குளிர் குறைவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒரு நாளுக்குள் வானிலை மாற வாய்ப்பு அதிகம். இரவு இதமாக இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். மேகம் போர்த்தியதால் வந்த இதம் அது. ஹான்லேயிலோ பாங்கோங்கிலோ இருக்கும்போது இப்படித் தெரிந்தாலும், மஞ்சள் எச்சரிக்கை வந்தாலும், மறுநாள் திட்டம் எதுவானாலும் விட்டுவிட்டு விடிந்ததும் லேக்குத் திரும்புங்கள். பாங்கோங்கிலிருந்து திரும்ப சாங் லாவைக் கடந்தாக வேண்டும். அதுவும் 5,300 மீட்டரைத் தாண்டியது. மேற்கத்திய இடையூறு கடந்து போன மறுநாள் வானம் பளிச்சென்று இருக்கும், ஆனால் அந்த இரவுதான் பயணத்திலேயே கடுங்குளிரான இரவு. சாலை திறக்கவும் ஒரு நாள் பிடிக்கும்.

டெல்லி திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் லேயில் இருங்கள். விமானம் ரத்தானால் அடுத்த நாள் இருக்கை கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. திங்கட்கிழமை அலுவலகம் என்றால் சனிக்கிழமைக் காலை விமானத்துக்கு முன்பதிவு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை கையிருப்பில் இருக்கட்டும்.